அக்காவைக் கூப்பிடுகிற பள்ளிக்கூடம்

கேள்வி: டீச்சருக்கு வணக்கம். தென்காசிப் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. நான் பீடி சுற்றுகிறேன். வீட்டுக்காரர் கேரளாவில் லோடு வேலை பார்க்கிறார், மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். பையனுக்கு எட்டு வயது. அறிவுசார் குறைபாடு, 60 சதவீதம் என்று சான்று வாங்கியிருக்கிறோம். பத்துப் பதினைந்து வார்த்தைதான் பேசுவான். ஊரில் உள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அவன் அக்கா அதே பள்ளியில் ஐந்தாவது. அவன் அழுதாலும் டவுசரை நனைத்துக்கொண்டாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவளும் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொள்வாள். போன வாரம் பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "வருகிற வருஷம் இவனைத் திருநெல்வேலியில் விடுதியோடு இருக்கிற சிறப்புப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள், அதுதான் இவனுக்கு நல்லது" என்றார். மாமியார் அனுப்பவே கூடாது என்கிறார். வீட்டுக்காரர் "உன் இஷ்டம்" என்கிறார். பள்ளிகளுக்கு உதவுகிற வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் பதினைந்து நாளைக்கு ஒரு முறை வருவார், சில சமயம் வராமலும் போவார். நான் என்ன செய்ய?

பதில்: அன்புள்ள அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை, விடுதியா ஊர்ப் பள்ளியா என்பதுதான் கேள்வி என்று நினைத்தேன். இரண்டாம் தடவை "அவளைத்தான் கூப்பிடுவார்கள்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். உங்கள் மகள் இப்போது ஐந்தாவது. ஜூனில் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போய்விடுவாள். அதன் பிறகு பையன் நனைத்துக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது? பெரிய டீச்சர் போன வாரம் திடீரென்று விடுதியைப் பற்றிப் பேசியதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று எனக்குப் படுகிறது. மூன்று வருடமாக அந்தப் பள்ளியில் உங்கள் மகன் படிப்பதற்கு ஏற்பாடு என்று ஒன்று இருந்தது என்றால், அது பத்து வயதுப் பெண் ஒருத்திதான்.

பெரிய டீச்சரைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஈராசிரியர் பள்ளி என்றால் ஒரு டீச்சர் இரண்டு மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு, நடுவில் பள்ளி விவரங்களை இணையத்தில் ஏற்றுகிற எமிஸ் பதிவையும் பார்த்துக்கொண்டு ஓடுவதை இருபது வருடமாகப் பார்த்தவள் நான். நானும் இதில் ஒரு தப்பு செய்திருக்கிறேன். சிறப்பாசிரியராக வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பள்ளிக்குப் போனபோது, ஒரு பெண் பிள்ளை எப்போதும் வாசல் ஓரத்திலேயே உட்கார்ந்திருப்பாள். தம்பி பக்கத்து வகுப்பில் இருந்தான். கூப்பிட்டால் உடனே எழுந்து ஓட வசதியான இடம் அது. "எவ்வளவு பொறுப்பான பிள்ளை!" என்று எல்லார் முன்னாலும் மெச்சிவிட்டு வந்தேன். ஒரு வருடம் கழித்துத்தான் அவள் நோட்டை வாங்கிப் பார்த்தேன். பாதிப் பாடத்தில் பாதிப் பக்கம் காலி. அவள் சோம்பேறி என்று வகுப்பாசிரியர் சொன்னார். அந்த நோட்டை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. உங்கள் மகள் நோட்டை இன்று இரவே ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.

சரி, முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகனைப் பள்ளி வெளியே அனுப்ப முடியாது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு, வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. எது வேண்டும் என்ற விருப்பம் பிள்ளையின் பக்கத்தில் இருக்கிறது. பெரிய டீச்சர் யோசனை சொல்லலாம், முடிவு உங்களுடையது. இதைச் சண்டை போடுவதற்காக மனதில் வைக்காதீர்கள். பள்ளிக்குள் நுழையும்போது கை நடுங்காமல் இருக்க வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் விடுதி. சிறப்புப் பள்ளிகளுக்கு நான் எதிரி இல்லை. காது கேளாத பிள்ளைக்குச் சைகை மொழி பேசும் நான்கு நண்பர்கள் கிடைப்பது பெரிய விஷயம். அதற்காகப் பாளையங்கோட்டைக்குப் பிள்ளைகளை நானே அனுப்பியிருக்கிறேன். காலையில் போய் மாலையில் திரும்புகிற சிறப்புப் பள்ளி உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருந்திருந்தால், "ஒரு நாள் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள்" என்றுகூடச் சொல்லியிருப்பேன். ஆனால் பத்துப் பதினைந்து வார்த்தை மட்டும் பேசுகிற எட்டு வயதுப் பிள்ளையை விடுதியில் விடுவது எனக்குச் சம்மதமில்லை. அங்கே யாராவது அடித்தால் அவனால் சொல்ல முடியுமா? வயிறு வலித்தால்? இரவில் பயந்தால்? நல்ல விடுதியாகவே இருக்கட்டும், தனக்கு நடந்ததைச் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு முதல் பாதுகாப்பு அவன் முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்கிற ஆட்கள்தான். அந்த ஆட்கள் உங்கள் வீட்டில் இருக்கிறார்கள். இந்த விஷயத்தில் நான் உங்கள் மாமியார் கட்சி.

ஆனால் 'அனுப்ப வேண்டாம்' என்பதோடு நிறுத்தினால், ஜூனில் அவன் வகுப்பு மூலையில் கலர் பென்சிலோடு உட்கார்ந்திருப்பான். ஆகவே அக்காவின் இடத்தில் என்ன வைப்பது என்பதைப் பேசுவோம். நான்கைந்து மாதம் இருக்கிறது, போதும்.

நனைத்துக்கொள்வதில் இருந்து தொடங்குங்கள். ஒரு பிள்ளை பள்ளியில் நிலைக்குமா இல்லையா என்பதை அ, ஆ தெரிவதைவிட இதுதான் அதிகம் தீர்மானிக்கிறது. என் அனுபவம் அப்படித்தான். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். மலச்சிக்கல் இருந்தால் சிறுநீரைப் பிள்ளையால் அடக்க முடியாமல் போகலாம். சிறுநீர்த் தொற்று இருந்தாலும் அப்படித்தான். இதைப் பார்க்காமல் ஆறு மாதம் பயிற்சி கொடுத்து அலுத்துப்போனவர்கள் உண்டு. அதோடு செவித்திறன் பரிசோதனையும் கேளுங்கள். பேச்சு குறைவாக இருக்கிற பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று பார்க்காமலே "இவனுக்குப் புரியாது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். 18 வயது வரைக்கும் இதையெல்லாம் இலவசமாகப் பார்க்க மாவட்ட அளவில் அரசு மருத்துவமனையில் இடையீட்டு சேவை மையம் இருக்கிறது. பள்ளிக்கு வருகிற நடமாடும் மருத்துவக் குழுவிடம் சொன்னால் சீட்டு எழுதி அங்கே அனுப்புவார்கள்.

அடுத்து, ஏழு நாள் ஒரு காகிதத்தில் அவன் எத்தனை மணிக்கு நனைக்கிறான், எப்போது சாப்பிட்டான், எப்போது தண்ணீர் குடித்தான் என்று குறியுங்கள். பள்ளி நேரத்துக்கு டீச்சரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரு ஒழுங்கு தென்படும். சாப்பிட்டு முடித்த கொஞ்ச நேரத்தில் குடல் அசையும், அது எல்லாருக்கும் உள்ள இயல்பு. அவன் பள்ளியில் காலை உணவு சாப்பிடுகிறான் என்றால், சாப்பிட்டு முடித்ததும் கழிப்பறை. பிறகு முதல் இடைவேளை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை. வீட்டுக்குக் கிளம்பும் முன் ஒரு தடவை. அவனுக்கு வருகிறதா என்று கேட்க வேண்டாம், நேரமானால் கூட்டிப் போக வேண்டியதுதான். கொக்கியும் ஜிப்பும் உள்ள டவுசரை எடுத்துவிட்டு, அதே சீருடைத் துணியில் எலாஸ்டிக் வைத்துத் தைத்துக் கொடுங்கள். கழிப்பறைக் கதவின் படம் ஒன்றை அட்டையில் ஒட்டி அவன் கழுத்து அட்டையோடு கட்டிவிடுங்கள். அவன் அதைத் தொட்டுக் காட்டினால் அது ஒரு வார்த்தை பேசியதற்குச் சமம். வீட்டிலும் அதே அட்டை, அதே சொல் இருக்க வேண்டும். நீங்கள் ஒரு சொல்லும் பாட்டி ஒரு சொல்லும் டீச்சர் ஒரு சொல்லும் சொன்னால் மூன்றும் அவனுக்குப் புரியாது.

கூட்டிப் போவது யார்? இங்கேதான் 'யாராவது' என்று விட்டுவிடக் கூடாது. யாராவது என்றால் மறுபடியும் ஒரு பிள்ளைதான் மாட்டும், அநேகமாகப் பெண் பிள்ளை. ஒரு பெரியவர் பெயரைக் குறிப்பிட்டு முடிவு செய்ய வேண்டும், அவர் வராத நாளுக்கு இன்னொருவர் பெயரும். வகுப்பாசிரியரா, வேறு பணியாளரா என்பது உங்கள் பள்ளியைப் பொறுத்தது. பிள்ளையின் உடம்பைத் தொட்டுச் செய்கிற வேலை இது. ஆகவே அவர் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், மற்ற ஆசிரியர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். மாற்று டவுசர் இரண்டு, ஒரு துண்டு, ஒரு பை, இவற்றைப் பள்ளியிலேயே வைத்துவிடுங்கள். அவனே டவுசரை இறக்கி ஏற்றக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. அதற்கு வீட்டில் தினமும் குளிக்கும் நேரமே போதும்.

இனி படிப்பு. சிறப்புத் தேவையுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிநபர் கல்வித் திட்டம் என்று ஒன்று எழுத வேண்டும். நாங்கள் ஐ.இ.பி. என்றே சொல்வோம். உங்கள் மகனுக்கும் எங்கேயாவது ஒரு கோப்பில் இருக்கலாம். அதை நீங்கள் பார்த்ததுண்டா? இல்லை என்றால் சிறப்பாசிரியர் அடுத்த முறை வரும்போது கேளுங்கள், நகல் ஒன்று வாங்குங்கள். "எழுத்துகளை அறிவான், எண்களை அறிவான்" என்று பொதுவாக இருந்தால் அது வேலைக்கு ஆகாது. நான் எழுதுவதாக இருந்தால் உங்கள் மகனுக்கு முதல் மூன்று மாதத்துக்கு மூன்றே விஷயம்தான் எழுதுவேன். கழிப்பறை வேண்டும் என்றால் அட்டையைக் காட்டுவான். வருகைப் பதிவின்போது ஐந்து பெயர் அட்டைகளிலிருந்து தன் பெயரை எடுத்துப் பலகையில் மாட்டுவான். மதியம் தன் வரிசைக்கு ஐந்து தட்டுகளை எண்ணி வைப்பான். இவ்வளவுதான். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், யார் சொல்லிக் கொடுப்பார், எந்த நேரத்தில், வீட்டில் என்ன செய்வது, எப்போது திரும்பப் பார்ப்பது என்று நான்கு கட்டம்.

சிலருக்கு ஐந்து தட்டு ஒரு படிப்பா என்று தோன்றும். தட்டு வைக்கும்போது அவன் எண்ணுகிறான், வரிசையில் நிற்கிறான், நான்கு பிள்ளைகள் அவன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். மூலையில் கலர் பென்சிலால் கிறுக்கும்போது இதில் ஒன்றும் நடப்பதில்லை. வகுப்பில் தமிழ்ப் பாடம் நடக்கும்போது அதே பாடத்தில் வருகிற மாட்டையும் மரத்தையும் அவன் படத்தோடு படம் சேர்க்கட்டும். மற்றவர்கள் கையில் என்ன புத்தகமோ அவன் கையிலும் அதுவே இருக்கட்டும். பாடம் ஒன்று, வேலை வேறு. உள்ளடக்கிய கல்வி என்று பயிற்சியில் பெரிதாகச் சொல்வார்கள், அன்றாடத்தில் அது இப்படித்தான் இருக்கும். தேர்வைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புவரை நிறுத்திவைப்பது கிடையாது. பத்தாம் வகுப்பு வரும்போது சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு என்று சலுகைகள் இருக்கின்றன. அது தூரத்தில் இருக்கிறது.

சிறப்பாசிரியர் வராமல் போவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். உங்கள் கோபம் நியாயம்தான். தொடக்கப் பள்ளி அளவில் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் பதினைந்து பேருக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் சொன்னது. நான் வட்டார வள மையத்தில் இருந்தபோது ஒரு வட்டாரத்தின் பள்ளிகளை நான்கைந்து பேராகப் பிரித்துக்கொண்டு பஸ்ஸில் சுற்றினோம். எங்களில் யாரும் நிரந்தரப் பணியில் இல்லை. ஒரு பஸ் தவறினால் அன்று ஒரு பிள்ளையைப் பார்க்க முடியாமல் போகும். அதனால் அவர் வருகிற அந்த ஒரு மணி நேரத்தை நீங்கள் பறித்துக்கொள்ள வேண்டும். அன்று நீங்களும் பள்ளிக்குப் போய் உட்காருங்கள். பீடி அன்று நூறு குறையட்டும். அவர் பையனோடு மட்டும் உட்கார்ந்து போய்விடாமல், பாதி நேரம் வகுப்பாசிரியருக்கு எப்படிச் செய்வது என்று காட்டச் சொல்லுங்கள். மற்ற பதினான்கு நாளும் பையனோடு இருப்பது வகுப்பாசிரியர்தானே. அடுத்த தேதியைக் குறித்துக் கொடுக்கச் சொல்லுங்கள், போன் நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள்.

வட்டார வள மையத்துக்கே ஒரு நாள் நேரில் போய் வாருங்கள். சிறப்புப் பிள்ளைகளுக்கான பகல் நேர மையம், இயன்முறை மருத்துவர் வருகிற நாள், பேச்சுப் பயிற்சி, வருடாந்திர மருத்துவ மதிப்பீட்டு முகாம், போக்குவரத்துப் படி, பிள்ளையைக் கூட்டி வருகிறவருக்கான துணையாளர் படி என்று ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பல இருக்கின்றன. எல்லாம் எல்லா வட்டாரத்திலும் ஒரே மாதிரி நடப்பதில்லை. வாரம் ஒரு நாள் அங்கே கூட்டிப் போக முடிந்தால் நல்லது. பணம் விஷயத்தில், 40 சதவீதத்துக்கு மேல் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மாநில அரசு 2023 ஜனவரியிலிருந்து மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. வருகிறதா, விண்ணப்பித்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லை என்றால் யூ.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையோடு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுங்கள், காத்திருப்புப் பட்டியலில் பெயராவது ஏறட்டும். நிராமயா என்ற மருத்துவக் காப்பீடும் இருக்கிறது, வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, இவனைப் போன்ற பிள்ளைகளுக்கென்றே உள்ளது. இரண்டையும் ஒரே நடையில் கேட்டுவிட்டு வந்துவிடலாம்.

பெரிய டீச்சரிடம் எப்படிப் பேசுவது? தனியாகப் போகாதீர்கள். வீட்டுக்காரர் வருகிற மாதக் கடைசியில் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். "உன் இஷ்டம்" என்று சொல்கிறவர்களைக் கூட்டத்தில் உட்கார வைத்தால் பாதி மாறிவிடுவார்கள். போனதும் சட்டத்தைப் பேச வேண்டாம். "டீச்சர், பாப்பா ஆறாவதுக்குப் போய்விடுவாள், அதை நினைத்துத்தானே சொன்னீர்கள்? எனக்கும் அதே கவலைதான்" என்று தொடங்குங்கள். அவர் முகம் இளகுவதைப் பார்ப்பீர்கள். பிறகு ஏழு நாள் குறிப்பைக் காட்டுங்கள், உங்கள் பங்குக்கு எலாஸ்டிக் டவுசரும் அட்டையும் தயார் என்று சொல்லுங்கள், பெயர் குறித்த ஒரு பெரியவரையும் ஐ.இ.பி. கூட்டத்துக்கு ஒரு தேதியையும் கேளுங்கள். பேசியதை ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். தமிழில், சாதாரணமாக எழுதினால் போதும்.

ஒத்துவரவில்லை என்றால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள். உங்களோடு பீடி சுற்றுகிறவர்களில் ஒருத்தியாவது அதில் உறுப்பினராக இருப்பார். அடுத்த தடவை குழுவை அமைக்கும்போது நீங்களே உள்ளே போக முடியுமா என்று பாருங்கள். அதற்கும் மேலே வட்டாரக் கல்வி அலுவலர், பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாள். அந்தப் படிகளில் ஏறத் தேவை வராது என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டு சின்ன விஷயம். உங்கள் மடியில் பீடித் தட்டு இருக்கும்போது பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து எண்ணிக்கை சொல்லித் தரத் தோன்றும். வேண்டாம். புகையிலைத் தூள் அவன் கையிலும் வாயிலும் போகும். எண்ணுவதற்கு டம்ளரும் புளியங்கொட்டையும் இருக்கின்றன. இன்னொன்று உங்களைப் பற்றி. கடிதம் முழுக்க மற்றவர்கள் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறீர்கள், நீங்கள் தூங்குகிறீர்களா என்றுகூட ஒரு வரி இல்லை. வள மையத்துக்குப் போகிற அன்று, இதே மாதிரி பிள்ளையுள்ள அம்மா ஒருத்தரின் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்து ஊரில் கட்டாயம் ஒருத்தர் இருப்பார். எந்த ஆபீஸில் எந்த நாள் எந்த அலுவலர் இருப்பார் என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். தவிர, அழுதால் காரணம் கேட்கமாட்டார்.

அக்காவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்: இனிமேல் வகுப்பு நேரத்தில் கூப்பிட்டால் "டீச்சர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லலாம், அது தப்பில்லை. முதலில் அவளால் முடியாது. எழுந்து ஓடத்தான் செய்வாள். வாரத்தில் ஒரு மாலை, தம்பியைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, அவளோடு மட்டும் நீங்கள் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அந்த நேரத்தில் தம்பியைப் பற்றிப் பேச வேண்டாம்.

ஏழு நாள் குறிப்பை இந்தத் திங்கட்கிழமை தொடங்குங்கள். முடிந்ததும் அதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிவையுங்கள். எந்த நேரத்துக்குக் கூட்டிப் போகலாம் என்று உட்கார்ந்து பார்ப்போம்.